கொழும்பு சுற்றிக் கல்லடிக்கு

மழை பிடித்து ஒரு கிழமையாகியிருந்தது. காத்தான்குடியில் நௌஷாட்டின் வீட்டு முன்னறையில் தொலைபேசி ஓயாமல் அடித்தது. முன்பு தறி நின்ற அந்த இடத்துக்குச் சுவர் எழுப்பி ஒபீஸ் ஆக்கியிருந்தார்கள். றபீக்கா மாப் பிசைந்த கையை மேலே தூக்கிப் பிடித்தபடி வந்து மற்றக் கையால் எடுத்தாள்.

“ஓம் ராத்தா. றவுட்டர்ல சிவப்பு எரியிதா? அவரு வெளியிலதான் நிக்காரு. கடலோரத்துத் தூணில வயர அணில் கடிச்சிப்போட்டு. ஓம், மழை விட்டதும் உங்கட வளவுக்குத்தான் வருவாரு.”

வைத்த கையோடு மறுபடி அடித்தது. அதை அடிக்க விட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். ரொட்டி கருகியிருந்தது.

நௌஷாட் பல வருசம் கட்டாரில் ஒரு தொலைத்தொடர்புக் கொம்பனியில் வயர் இழுத்தவன். ஊர் திரும்பியதும் கொழும்பிலிருந்த ஒரு பெரிய கொம்பனியிடம் மொத்தமாக இணையம் வாங்கி, காத்தான்குடி ஒழுங்கைகளுக்குள் வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கினான். முதல் வருசங்களில் ஆசையாக இருந்தது. இப்போது உப்புக் காற்றில் இறுகிப்போன கிளிப்புகளைக் கழற்றுவதும், மழையில் ஏணி பிடிப்பதும், ஏச்சு வாங்குவதும்தான் மிச்சம். கட்டாரில் பழைய கொம்பனி அவனைத் திரும்பக் கேட்டிருந்தது. மாரி முடிய வருவதாகச் சொல்லிவிட்டான். றபீக்கா அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்று அந்தி மஃரிபுத் தொழுகை முடிந்து நௌஷாட் ஈரத் தலையோடு உள்ளே வந்தபோது, அறைக்குள்ளிருந்து மேசையில் ஓங்கி அடிக்கிற சத்தம் கேட்டது. மகள் சஹ்லா மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து, அடுப்படியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினாள்.

சஹ்லாவுக்குப் பதின்மூன்று வயது. பிறவியிலேயே காது கேட்காது. முதுகைக் காட்டி இருப்பதுதான் அவள் கதவைச் சாத்துகிற விதம். முகம் பார்க்காத பிள்ளையிடம் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. றபீக்கா சுற்றிப் போய் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள்.

என்ன நடந்த, என்று கையால் கேட்டாள். றபீக்காவின் கைமொழி அரைகுறை. மகளோடு சேர்ந்து கற்றது.

சஹ்லாவின் கைகள் கோபத்தில் வேகமாகப் போயின. தாய்க்குப் பாதிதான் பிடிபட்டது. அவர்கள் எல்லாரும் கதைக்கிறார்கள். சிரிக்கிறார்கள். எனக்கு வரும்போது முடிந்துவிடுகிறது. நான் கேட்டால் திரும்பச் சொல்வதில்லை. எனக்கு ஒளிக்கிறார்கள். இனி நான் வகுப்புக்குப் போகமாட்டேன்.

வகுப்பு என்பது கல்லடி றொசானி ரீச்சரின் கைமொழி வகுப்பு. சனிக்கிழமைகளில் பிள்ளைகளை நேரில் எடுப்பார். கிழமை நாட்களில் பின்னேரம் வேலை முடிந்து வந்து, வீட்டிலிருந்து வீடியோவில் எடுப்பார். கல்லடியிலிருந்து ஒரு பொடியன், தேற்றாத்தீவிலும் களுதாவளையிலும் இரண்டு பிள்ளைகள், காத்தான்குடியிலிருந்து சஹ்லா. மற்றவர்களுக்கு வகுப்பு தண்ணீராக ஓடியது. சஹ்லாவின் திரையில் மட்டும் ரீச்சரின் கை அந்தரத்தில் நின்றுவிடும். கொஞ்சம் கழித்து வேறொரு இடத்தில் வேறொரு சொல்லாக இருக்கும். காது கேட்கிற பிள்ளை என்றால் படம் நின்றாலும் குரலைப் பிடித்துப் போய்விடும். இவளுக்குக் கைதானே சொல், கை நின்றால் எல்லாம் போச்சு.

இரவுச் சாப்பாட்டுக்குத் திரளி மீன் ஆணம். சஹ்லா தொட்டுப் பார்க்காமல் படுத்துவிட்டாள். நௌஷாட் மீனின் முள்ளை எடுத்து எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை.

“ஊரெல்லாத்துக்கும் நெற் குடுக்குற நீங்க,” என்றாள் றபீக்கா, “உங்கட மகள்ட லைன ஏன் சரியாக்கேலாம இரிக்கி?”

“லைன்ல ஒண்டும் பிழை இல்ல புள்ள. பின்னேரம் ஆனா ஊர்ல எல்லாரும் படம் பாப்பானுகள். நான் கொழும்புக்காரன்கிட்ட எடுத்த லைன் நிரம்பிரும். ரீச்சர்ட வகுப்பு அந்த நெருக்கத்துக்குள்ளால வரணும்.”

“ரீச்சர் கல்லடியில. கல்லடிப் படம் கொழும்புக்கு ஏன் போகுது?”

“வகுப்பு ஓடுற கொம்பியூட்டர் கல்லடியில நெற் குடுக்குற ஜெயராஜா அண்ணன்ட ஒபீஸ்ல இரிக்கி. அவர் வேற கொம்பனி, நான் வேற கொம்பனி. அவர்ட ஆக்கள்ட சாமான் என்ட ஆக்களுக்கு வரணுமெண்டா, மொதல்ல அவர்ட லைன்ல கொழும்புக்குப் போய், அங்க ஒரு பெரிய இடத்தில கைமாறி, மறுகா என்ட லைன்ல இஞ்ச வரணும்.”

றபீக்கா கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள்.

“ஜெயராஜா அண்ணன்ட வயர் நம்மட வாசல்லதானே போகுது? களுதாவளைக்குப் போறதெண்டு நீங்கதான் காட்டினீங்க.”

“போகுது.”

“நம்மட வயரும் அந்தத் தூண்லதான்.”

“அந்தத் தூண்லதான்.”

“ஒரு முழம் இரிக்குமா நடுவுல?”

“அவ்வளவும் வராது.”

“பிறகு என்னத்துக்கு இந்தக் கொழும்புப் பயணம்?”

நௌஷாட் கோப்பையைத் தள்ளி வைத்தான். வெளியில் பீலித் தண்ணீர் பீப்பாவுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

“தூணில கட்டிருக்கிற ரெண்டு வயரும் ஒண்டுக்கொண்டு தெரியாது புள்ள. ஒரு பொது இடம் வேணும். ஆருக்கும் சொந்தமில்லாத ஒரு அறை. அதுக்குள்ள வயரெல்லாத்தையும் ஒண்டாச் சேக்கிற ஒரு சுவிச் பெட்டி. நானும் ஒரு வயரக் கொண்டுவந்து குத்துவன், அவரும் குத்துவாரு, ஏறாவூர்ல நெற் குடுக்குற அக்ரமும் விரும்பினா குத்துவான். அவரவர் ஆக்களுக்குள்ள போறதும் வாறதும் அங்கயே கைமாறும். கொழும்புக்குப் போகத் தேவல்ல. அதைத்தான் பியரிங் எண்டு சொல்ற.”

“அந்த இடம் இல்லையா?”

“இரிக்கி. நாவற்குடாவில நல்லரத்தினம் ஐயாட ஐஸ் பெக்டரியில ஒரு அறை. ரெண்டு பேரும் சேந்துதான் பேசினம். சுவிச்சும் வாங்கி வெச்சம். அதுக்குள்ள அந்த ஏப்ரல் வந்துட்டு.”

ஏப்ரல் என்றால் எதுவென்று யாரும் கேட்பதில்லை. உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்புத் தேவாலயத்தில், காத்தான்குடிக்காரன் ஒருவன் கொண்டுபோன குண்டு வெடித்தபோது ஜெயராஜாவின் மனைவி மார்கிறட் மகன் அன்ரோவோடு அங்கே இருந்தாள். இரண்டு பேரும் உயிரோடு வந்தார்கள். சின்னப் பொடியனாக இருந்த அன்ரோவின் காது போய்விட்டது. றொசானி ரீச்சரின் வகுப்பில் கல்லடிப் பொடியன் என்பது அவன்தான்.

“அதுக்குப் பிறகு நீங்க அங்க போகவேயில்லையா?” என்று கேட்டாள் றபீக்கா.

“இல்ல.”

“ஒரு தரமும்?”

“என்ன முகத்தோட போற?”

“நீங்களா செஞ்சீங்க?”

“இல்ல. எண்டாலும் போகேலாமப் போச்சி. பிறகு நாள் போகப் போக இன்னும் ஏலாமப் போச்சி.”

அவள் கோப்பைகளை எடுத்தாள். “நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுதுட்டு வெளிக்கிடுங்க,” என்றாள். “நானும் வாறன். நீங்க போகாட்டி நான் தனியாப் போவன்.”

*

மறுநாள் மழை தூறலாக இருந்தது. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்த றபீக்காவின் மடியில் ஒரு பெட்டியில் தொதல் இனிப்பு. வழியில் நௌஷாட் இரண்டு தரம் நிறுத்தினான். ஒரு தரம் பெற்றோல் பார்த்தான், இருந்தது. இன்னொரு தரம் மழையங்கியின் பொத்தானைப் போட்டான், அது போட்டபடிதான் இருந்தது. றபீக்கா இறங்காமல் காத்திருந்தாள்.

ஜெயராஜாவின் வீடு கல்லடிக் கடற்கரைப் பக்கம். கேற்றைத் திறந்தவர் ஜெயராஜாதான். தலை நரைத்து, உடம்பு மெலிந்து போயிருந்தார். பின்பக்கம் யாரோ மீன் கழுவுகிற வாடை வந்தது.

“நௌஷாட்டா?”

“ஓம் அண்ணன்.”

“நனையாம உள்ளுக்கு வாங்க.”

விறாந்தையில் கதிரைகள் இருந்தன. ஜெயராஜா றபீக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பக்கத்துத் தூண்களில் துரு எப்படி, பழைய கிளிப்பை எங்கே மாற்றுவது என்று இரண்டு ஆண்களும் பேசத் தொடங்கினார்கள். ஆரையம்பதியில் மரம் விழுந்து அறுந்த வயரை ஜெயராஜா இடுப்பளவு தண்ணீருக்குள் நின்று ஒட்டிய கதையைச் சொன்னார். நௌஷாட் அணில் கதையைச் சொன்னான். பேச்சு அப்படியே போய்விடும் போலிருந்தது.

“அண்ணன்,” என்றாள் றபீக்கா, “எங்கட மகள் றொசானி ரீச்சர்ட வகுப்பில இரிக்கா.”

“தெரியும்.” ஜெயராஜா தாடையைத் தடவினார். “அந்தப் பிள்ளட படம் அடிக்கடி நிண்டுரும். எனக்கு ஏனெண்டு தெரியும். இவருக்கும் தெரியும்.”

“அதுக்குத்தான் வந்தம் அண்ணன்,” என்றான் நௌஷாட். “நல்லரத்தினம் ஐயாட அறை சும்மாதான் கிடக்கு. சுவிச்சும் பெட்டி உடைக்காமக் கிடக்கு. நாவற்குடா வரைக்கும் நான் வயரக் கொண்டு வாறன். உங்கட வயர் அதாலதான் போகுது, இறக்கிக் குத்தினாச் சரி.”

“வேலை பெரிசில்ல. அது எனக்கும் தெரியும்.”

அதற்குள் மார்கிறட் தட்டில் தேத்தண்ணி கொண்டு வந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

“ஏன் நௌஷாட் நீ அப்ப வரல்ல?” என்று கேட்டார் ஜெயராஜா. குரலில் கோபம் இல்லை. நெடுநாள் வைத்திருந்து களைத்துப்போன கேள்வியாக அது வந்தது. “பொடியன் ஆஸ்பத்திரியில கிடந்தான். சனம் எல்லாம் வந்திச்சு. தெரியாத ஆக்கள்கூட வந்தாங்க. நான் ஒவ்வொரு நாளும் நீ வருவாயெண்டு பார்த்தன்.”

“என்னை அங்க கண்டா உங்கட ஆக்கள் என்ன நினைப்பாங்களெண்டு…”

“நினைச்சிருப்பாங்கதான். ரெண்டு பேர் ஏசியும் இருப்பாங்க. அதைக் கேட்டுக்கொண்டு நிண்டிருக்கலாம்.” அவர் தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி குடிக்காமல் இருந்தார். “செஞ்சவன் ஆரோ. நீ செஞ்சது வராம விட்டது மட்டுந்தான். அதை மட்டுந்தான் நான் உன்னட்டக் கேக்கன்.”

நௌஷாட் குனிந்து நிலத்தைப் பார்த்தான். “பிழைதான் அண்ணன்,” என்றான்.

றபீக்கா தொதல் பெட்டியை இன்னும் மடியிலேயே வைத்திருந்தாள். அதைக் கொடுப்பதா, வைத்திருப்பதா என்று தெரியவில்லை.

மார்கிறட்தான் பேசினாள். அவள் பார்த்தது றபீக்காவை மட்டும்.

“உங்கட பிள்ள பிறந்ததிலயிருந்தே கேக்காதா?”

“ஓம் அக்கா.”

“அப்ப கை நல்லா ஓடும் என்ன. இவன் பிந்திப் பழகினவன். இன்னும் தடுமாறுவான். வாயால கத்துவான், அவன்ட சத்தம் அவனுக்கே தெரியா.” அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். “நான் ஒண்டு சொல்றன், குறை நினைக்காதங்க. காத்தான்குடிப் பக்கம் பஸ் போகக்குள்ள நான் இண்டைக்கும் கண்ண மூடிக்கொண்டுதான் இருக்கிறன். அது சரியில்லயெண்டு தெரியும். ஏலாம இருக்கு. உங்கட வீட்டுக்கு வாங்கோ எண்டு என்னைக் கேக்காதங்க. நான் வரமாட்டன்.”

“கேக்கமாட்டன் அக்கா.”

“வயரக் குத்துங்க. பிள்ளைகள்ட விசயம்.” கணவன் பக்கம் திரும்பினாள். “என்னப்பா, குத்துங்களன். எத்தின வருசமா அந்தப் பெட்டி கிடக்கு.”

எழும்பும்போது றபீக்கா பெட்டியை நீட்டினாள். மார்கிறட் ஒரு கணம் தயங்கி வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் வேறொரு பெட்டி கொண்டு வந்தாள். இறால் வறையல், இன்னும் சூடாக இருந்தது.

*

நல்லரத்தினம் ஐயாவின் ஐஸ் பெக்டரி நாவற்குடாவில் வாவிப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தது. பாதி இயந்திரங்கள் நின்றுபோய், மிச்சத்தில் மீன்காரருக்கு மட்டும் கட்டி அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து வந்ததைக் கண்டு அவர் ஆச்சரியப்படவில்லை. அறைப் பூட்டின் திறப்புக் கோர்வையை எடுத்தார்.

“எனக்கு உங்கட நெற்றும் தெரியாது, பற்றும் தெரியாது. அறையில கறண்ட் இருக்கு, குளிர் இருக்கு. ஆளுக்கொரு திறப்புத் தருவன். இன்னொருத்தர் வந்து கேட்டா அவருக்கும் தருவன். ஒருத்தர் மற்றவர வெளியில விட்டுப் பூட்டினா, எல்லார்ட வயரையும் நான் வெட்டி வாவிக்குள்ள போடுவன். விளங்கினா?”

“விளங்கினது ஐயா.”

காத்தான்குடியிலிருந்து நாவற்குடாவுக்கு வயர் கொண்டுவருவதுதான் பெரிய வேலையாகிப் போனது. மழை விட்டால் வெயில் சுட்டது, வெயில் ஏறினால் மறுபடி மழை இறங்கியது. ஏணியை நௌஷாட்டும் ஜெயராஜாவும் மாறி மாறிப் பிடித்தார்கள். தலைமயிரை விட மெல்லிய கண்ணாடி இழைகளை ஒட்டும்போது ஒரு துளி ஈரம் பட்டாலும் வேலை வீண். ஜெயராஜா குடையைப் பிடிக்க, நௌஷாட் முழங்காலில் குந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினான். பகல் சாப்பாட்டை றபீக்கா கட்டி அனுப்பினாள், சோறும் பொன்னாங்காணிச் சுண்டலும் கருவாட்டுப் பொரியலும். இரண்டு பேரும் ஐஸ் பெக்டரி வாசலில் இருந்து சாப்பிட்டார்கள். பழைய கதைகளுக்கு இருவருக்கும் தெம்பில்லை. வேலையைப் பற்றி மட்டும் பேசினார்கள், அது போதுமாக இருந்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. கடைத்தெருவில் ஒருவர் நௌஷாட்டை மறித்தார்.

“நம்மட வீட்டு விசயமெல்லாம் இனி அவங்கட மிசினுக்குள்ளாலயா போகும்?”

“இல்ல காக்கா. அவங்களுக்குப் போறது மட்டும் அங்க போகும். கடிதத்தத் தபால் கந்தோர்ல குடுக்குற மாதிரி. அவன் உடைச்சிப் பாக்கிறல்ல.”

அவருக்குத் திருப்தியில்லை. அடுத்த கிழமை வேறு லைனுக்கு மாறிவிட்டார். நௌஷாட் இதை ஜெயராஜாவிடம் சொன்னபோது அவர் ஏணியிலிருந்தபடி மூக்கால் சிரித்தார்.

“அதே கேள்விதான் இஞ்சயும். ஒரு சொல்லு மாறல்ல. ரெண்டு வீடு போச்சு எனக்கு.”

எல்லாம் பொருத்திய அன்று, அறைக்குள் இரண்டு பேரும் சுவிச்சுக்கு முன்னால் பிளாஸ்ரிக் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு இருந்தார்கள். ஜெயராஜா தன் வயரைக் குத்தினார். நௌஷாட் தன்னுடையதைக் குத்தினான். பச்சை வெளிச்சம் வந்தது, போனது, வந்தது. நௌஷாட் மடிக்கணினியில் கட்டளைகளைத் தட்டினான். என் ஆட்கள் இன்ன முகவரிகளில் இருக்கிறார்கள் என்று அவன் கருவி சொன்னது. தன் ஆட்கள் இன்ன இடம் என்று ஜெயராஜாவின் கருவி சொன்னது. பிறகு கல்லடிக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பார்த்தான். விரலை எடுக்க முன்னம் பதில் வந்து நின்றது.

“வந்துட்டா?” என்றார் ஜெயராஜா.

“வந்துட்டு அண்ணன். கொழும்பு இல்ல. நேர.”

ஜெயராஜா முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார். எழுந்தபோது முழங்கால் கிறீச்சிட்டது. “சரி,” என்றார், “நான் போய்க் குளிக்கணும்.”

கட்டார்ப் பயணம் நிற்கவில்லை. கொம்பனி விமானச்சீட்டும் அனுப்பிவிட்டது. ஐஸ் அறைத் திறப்பை நௌஷாட் றபீக்காவிடம் கொடுத்து, எந்த வயர் யாருடையது, வெளிச்சம் சிவந்தால் என்ன செய்வது என்று காட்டினான். “தூண்ல நான் ஏறமாட்டன்,” என்றாள் அவள். “அதுக்கு ஆள் பிடிச்சித் தந்துட்டுப் போங்க.” மிச்சத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஏறாவூர் அக்ரமும் தனக்கொரு திறப்பு வேண்டுமென்று அழைத்திருந்தான்.

வயர் குத்திய மறுநாள் வகுப்புக்குச் சஹ்லா வரமாட்டேன் என்றாள். வாப்பா லைனைத் திருத்திவிட்டார் என்று றபீக்கா கையால் சொன்னாள். முன்னமும் பல தரம் திருத்தினார், என்றாள் சஹ்லா. கடைசியில் தாய் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து இருத்தினாள். நௌஷாட் வாசலில் சுவரோடு சாய்ந்து நின்றான்.

திரை விரிந்தது. றொசானி ரீச்சரின் கைகள் ஓடின. நிற்கவில்லை. விரல்கள் மடிந்து விரிந்து ஒரு சொல்லிலிருந்து மறு சொல்லுக்கு வழுக்கிப் போயின. சஹ்லா முன்னுக்குச் சாய்ந்தாள். களுதாவளைப் பிள்ளை எதையோ சொல்ல, தேற்றாத்தீவுப் பிள்ளை சிரித்தது. சஹ்லாவும் சிரித்தாள், அதே நேரத்தில்.

அன்ரோ அவளைக் கண்டதும் ஒரு சைகை காட்டினான். ஒரு கையை அந்தரத்தில் தூக்கி, கண்ணை முழித்து, வாயைப் பிளந்து விறைத்து நின்றான். மற்றவர்களும் அதையே செய்தார்கள். றபீக்காவுக்கு விளங்கவில்லை. சஹ்லாவுக்கு விளங்கிவிட்டது. அவள் முகம் கறுத்தது.

“என்னவாம்?” என்று கையால் கேட்டாள் தாய்.

அது என் பெயராம், என்றாள் சஹ்லா. சிலை. இவ்வளவு நாளும் எனக்கு அவர்கள் வைத்த பெயர்.

பிள்ளை எழும்பிப் போய்விடும் என்று றபீக்கா நினைத்தாள். சஹ்லா போகவில்லை. அன்ரோவைப் பார்த்து எதையோ நீளமாகச் சொன்னாள். கைகள் போன வேகத்தில் தாய்க்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அன்ரோ தடுமாறித் தடுமாறிப் பதில் சொன்னான். சஹ்லா அதற்கும் சொன்னாள். சண்டை நல்ல சூட்டில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சொல்லின் நடுவில், அவள் கை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. கண் அசையவில்லை. வாய் பாதி திறந்திருந்தது.

திரையில் அன்ரோ மேசையில் அடித்தான். ரீச்சர் கையை ஆட்டிப் பார்த்தார். களுதாவளைப் பிள்ளை தன் தாயைக் கூப்பிடத் திரும்பியது.

நௌஷாட்டின் தொலைபேசி அடித்தது.

“நௌஷாட்,” என்றார் ஜெயராஜா. மூச்சு வாங்கியது. “திரும்பவும் நிண்டுட்டா? உன்ட பிள்ளட படம் நிண்டுட்டெண்டு இவன் இஞ்ச கத்துறான். நான் ஐஸ் பெக்டரிக்கு வெளிக்கிடட்டா?”

நௌஷாட் ஒபீஸுக்கு ஓடி வெளிச்சங்களைப் பார்த்தான். எல்லாம் பச்சை. திரும்பி வந்தபோது றபீக்கா வாயில் விரலை வைத்துக் காட்டினாள். சஹ்லா கல்லாகத்தான் இருந்தாள், மூக்கு நுனி மட்டும் துடித்தது. அடக்க முடியாமல் தோள் குலுங்கத் தொடங்கியது.

“வெளிக்கிட வேணாம் அண்ணன்,” என்றான் நௌஷாட். அவனுக்கும் குரல் ஒழுங்காக வரவில்லை. “லைன் நல்லா இரிக்கி. இவ உங்கட மகனுக்குப் பகிடி விடுறா.”

ஜெயராஜா தொலைபேசியைத் தாழ்த்தி உள்ளுக்கு யாருக்கோ அதைச் சொல்வது கேட்டது. மார்கிறட்டின் குரல் தூரத்தில் எதையோ கேட்டது. அவர் திரும்பவும் சொன்னார்.